அலுமாரியில் இருந்த ஆறு மோட்டர்கள்

மோட்டர் பஞ்சத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள், புதிதாக வந்திருக்கும் எஞ்சினியர்மாருக்கு உதவும் என்று என் பழைய டிபார்ட்மென்டிலிருந்து கேட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். எந்தப் பத்திரத்தில் எங்கே கையெழுத்து, எந்த மோட்டரை எங்கே மாற்றலாம், எல்லாம் அதில் ஒழுங்காக இருக்கிறது. வாசித்துவிட்டு நன்றி அந்தோணி என்று பதிலும் போட்டார்கள். அதில் இல்லாத ஒன்றைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் சோறு இறங்காது போலிருக்கிறது.

நான் மன்னார் ஆள். யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்தப் பழகி, சண்டையோடு லண்டன் வந்து, இரண்டு வருடம் டீவிக் கடையில் வேலை செய்துகொண்டே கல்லூரியில் படித்து, பிறகு தென் லண்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெக்னீசியனாகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுக் கொடுக்கும் மெசின்களைப் பார்ப்பது என் வேலை.

அந்த மெசினின் தலைக்குள் இரண்டு வரிசையாக மெல்லிய தகடுகள் இருக்கும், மொத்தம் நூற்றிருபது. கட்டி எந்த வடிவமோ அந்த வடிவத்துக்குத் தகடுகள் நகர்ந்து வழிவிடும். கதிர் கட்டியில் விழும், பக்கத்தில் உள்ள நல்ல தசையில் விழாது. ஒவ்வொரு தகட்டுக்கும் சுண்டுவிரல் அளவில் ஒரு மோட்டர். நூற்றிருபதில் ஒன்று சோர்ந்தாலும் மெசின் நின்றுவிடும். நடுவில் உள்ள தகடுகள் நாள் முழுக்க ஓடும், கரையில் உள்ளவை சும்மா நிற்கும். ஆகவே கையில் புதியது இல்லாத நேரம் கரை மோட்டரைக் கழற்றி நடுவில் போட்டு, சோர்ந்ததைக் கரைக்கு அனுப்புவோம். கள்ள வேலை இல்லை, எல்லாரும் செய்வதுதான்.

என் மேலாளர் குமரேசன். மலேசியா, ஈப்போவில் பிறந்தவர், இங்கே படிக்க வந்து தங்கிவிட்டவர். எந்தப் பத்திரத்தையும் நின்றுகொண்டுதான் வாசிப்பார், வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து. கோபம் வந்தால் குரல் இறங்கும். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு ஆபத்து. அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. வேறு ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது ஒரு சாமான் கேட்டுப் போன் பண்ணினால், கதிரையில் உட்கார்ந்தபடி இல்லை என்று சொல்லக்கூடாது. போனை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய், உதிரிச் சாமான் வைக்கும் லாச்சியை இழுத்துத் திறந்து, கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் சொல்ல வேண்டும். "இல்லன்னு சொல்றது சின்ன வேலை இல்ல லா. அந்தப் பக்கம் ஒரு ஆளு மெசின் மேசையில படுத்திருக்கான்," என்பார், ஈப்போவின் 'லா' போகாமல். ஆரம்பத்தில் எனக்கு இது பெரிய கரைச்சலாக இருந்தது. பிறகு கால் தானாக எழும்பும்.

மெசின் அமெரிக்கக் கம்பெனியுடையது. மோட்டருக்குள் இருக்கும் காந்தம் சீனாவிலிருந்து வருவது. அதுவரை நான் வேலை செய்த காலம் முழுக்க இதை ஒருவரும் யோசித்ததே இல்லை. போன் பண்ணினால் மறுநாள் பெட்டி வரும். பிறகு இரண்டு நாடும் சண்டை பிடிக்கத் தொடங்கின. இவர் சிப் தரமாட்டேன் என்றார், அவர் அப்படியானால் காந்தத்துக்கு லைசன்ஸ் எடு என்றார். நாங்கள் டீவியில் பார்த்து, பெரிய ஆட்களின் விளையாட்டு என்று இருந்தோம். ஒரு நாள் மோட்டர் பெட்டியோடு இரண்டு பத்திரம் வந்தது.

குமரேசன் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு வாசித்தார். ஒன்று காந்தத்துக்கு: இது இன்ன ஆஸ்பத்திரியில், இன்ன மெசினுக்கு மட்டும், ஆயுத வேலைக்குப் போகாது, வேறு ஆளுக்குக் கைமாறாது என்று நாங்கள் சீனாக்காரனுக்குச் சத்தியம் பண்ண வேண்டும். மற்றது மோட்டரோடு ஒட்டியிருக்கும் சின்னச் சர்க்கிட்டுக்கு: அதில் அமெரிக்கச் சிப் இருக்கிறது, கேட்காமல் எவருக்கும் கொடுக்கமாட்டோம் என்று அமெரிக்காவுக்குச் சத்தியம். சுண்டுவிரல் அளவு சாமான்.

"டைவர்ஸ் ஆன புருஷன் பொண்டாட்டி மாதிரி இருக்கு அந்தோணி," என்றார். "முகத்த பாத்துக்க மாட்டாங்க. ஆனா புள்ள ரெண்டு பேருக்கும் பொதுவா போச்சு."

சிரித்தோம். கையெழுத்துப் போட்டார். எங்கள் பங்கு இரண்டே இரண்டு மோட்டர், அடுத்தது எப்போது என்று தெரியாது என்று கம்பெனி எழுதியிருந்தது.

இப்போது என் ஆறு மோட்டருக்கு வருகிறேன். அதற்கு முந்தின வருடம் எங்கள் பழைய மெசின் ஒன்றைக் கழற்றிப் பழைய இரும்புக்கு அனுப்பினோம். கழற்றும்போது கரைத் தகடுகளின் மோட்டர்கள் கிட்டத்தட்டப் புதிதாகவே இருந்தன. அதில் ஆறை எடுத்துத் துடைத்து, பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு, என் அலுமாரியில் மழைக் கோட்டுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினேன். புத்தகத்தில் பதியவில்லை. குமரேசனுக்குச் சொல்லவில்லை. விற்கவோ வீட்டுக்குக் கொண்டுபோகவோ இல்லை. சும்மா, இருக்கட்டும் என்று.

ஏன் என்று கேட்டால், யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பற்றரி தடை, சவர்க்காரம் தடை, மண்ணெண்ணெய் கண்டால் அதிசயம். அப்போது நான் ரேடியோ திருத்துபவன். ஒரு சோடிப் பற்றரி வைத்திருப்பவன் ராசா. இருந்தால் இருக்கு என்று வாய் திறக்க மாட்டான். அந்தப் புத்தி கடல் கடந்தும் போகவில்லை. நோர்பரியில் எங்கள் வீட்டுக் குசினி அலுமாரியைத் திறந்தால் நெருப்புப்பெட்டி மட்டும் இரண்டு டசின் இருக்கும், எங்கள் அடுப்போ மின்சார அடுப்பு. என் மனிசி ஜெசிந்தா, "இஞ்சாருங்கோ, இது ஆருக்கு?" என்று வருடத்துக்கு ஒருமுறை கேட்பாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும், யோகன் போன் பண்ணினான். யோகன் கோண்டாவில் பொடியன், பொடியன் என்றாலும் ஐம்பது வயது. என்னிடம்தான் முதலில் வேலை பழகியவன், பிறகு வட லண்டனில் ஆர்ச்வே பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் எஞ்சினியராகப் போய்விட்டான்.

"அண்ணை, உங்களிட்டை மோட்டர் இருக்கோ? ரெண்டு இருந்தாக் காணும்."

"என்னடா, உன்ர பங்கு வரேல்லையோ?"

"வந்தது ரெண்டும் போட்டாச்சு. கரையில கிடந்ததெல்லாம் கழட்டி நடுவில போட்டாச்சு. இப்ப நடுவில ரெண்டு தகடு நகரவே மாட்டன் எண்டுது. விடியத் தொடக்கம் மெசின் நிக்குது. மற்ற மெசினிலையும் அதே மோட்டர்தான், அதுவும் இண்டைக்கோ நாளைக்கோ எண்டு ஓடுது."

"பொறு, பார்த்துச் சொல்லுறன்."

போனை மேசையில் வைத்தேன். எழுந்து போனேன். லாச்சியைத் திறந்தேன். இரண்டு மோட்டர் இருந்தது, இரண்டும் கையெழுத்துப் போட்டு வாங்கியது, கைமாற்ற முடியாது. லாச்சியை மூடினேன். பக்கத்தில் என் அலுமாரி. அதன் முன்னால் நின்றேன். பூட்டின் திறப்பு என் பொக்கற்றில்தான் இருந்தது. எங்கள் மெசின் இரண்டும் அன்று காலையிலிருந்து நோயாளிகளால் நிரம்பி வழிகிறது. நாளைக்கு அதில் ஒன்று நின்றால்? இந்தச் சண்டை ஆறு மாதம் போனால்? இப்படித்தான் யோசித்தேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. திரும்பி வந்து போனை எடுத்தேன்.

"இல்லையடா தம்பி. பார்த்திட்டன். இல்லை."

அவன் என்னை முழுதாக நம்பினான். நான் எழுந்து நடந்த சத்தம் போனில் அவனுக்குக் கேட்டிருக்கும். கதிரையில் இருந்தபடி இல்லை என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பாவமில்லை.

செவ்வாய்க்கிழமை மறுபடி எடுத்தான். லண்டன் முழுக்க விசாரித்துவிட்டானாம். மற்ற நோயாளிகளை ஒருமாதிரிச் சமாளிக்கலாம், ஒரே ஒரு ஆளுக்குத்தான் வழியில்லை என்றான். பஸ் டிரைவர், நாற்பத்தாறு வயது, தொண்டையில். முப்பது தரம் கதிர் வைக்க வேண்டியதில் பத்தொன்பது முடிந்திருந்தது. அந்த வருத்தத்துக்குக் கதிர் வைக்கும்போது இடைவெளி விடக்கூடாது. இரண்டு நாள் பிந்தினால் தாங்கும், அதற்கு மேலே போகப் போக நோய் மறுபடி தலையெடுக்கும். இது எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு, எனக்கும் தெரியும்.

"மற்ற மெசினுக்கு மாத்த ஏலாதோ?"

"அது பழைய மாடல் அண்ணை. மோட்டர்தான் ஒண்டு, மற்றதெல்லாம் வேறை. பிளான் முதல்ல இருந்து போடவேணும், நாலஞ்சு நாள் போயிடும். அந்த மனுசன் ஒவ்வொரு நாளும் விடிய வந்து குந்திக்கொண்டிருக்கிறார். இண்டைக்கு வேலை செய்யுமோ எண்டு என்னட்டையே கேட்டார். தண்ணி குடிக்கவே கஷ்டப்படுறார்."

"கம்பெனிக்கு எழுதினியோ?"

"எழுதினன். கோதாரி, அவங்கள் பதில் போட்டாத்தானே."

கம்பெனியின் பதில் புதன்கிழமை எல்லா ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து வந்தது. காந்தம் லைசன்ஸுக்காகக் காத்திருக்கிறது, பொறுமை காக்கவும். கீழே ஒரு வரி: உலகம் முழுக்க இதே நிலைதான், சீன ஆஸ்பத்திரிகளில்கூட எங்கள் மெசின்கள் இதே மோட்டர் இல்லாமல் நிற்கின்றன. குமரேசன் அந்த வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து இரண்டுதரம் வாசித்தார்.

"பாருங்க அந்தோணி. இவங்க மண்ணுல தோண்டின காந்தம். வெளிய போயி மோட்டராகி, அமெரிக்கா போயி மெசினாகி, திரும்ப இவங்க ஆஸ்பத்திரிக்கே வரணும். இப்ப கதவ சாத்தினதுல வெளிய நிக்கறது யாருன்னு பாத்தா, அவங்க ஆளுதான்."

"அப்ப ஏன் சேர் சாத்துறாங்கள்?"

"பயம் லா. அடுத்தவன் சாத்திடுவான்னு ரெண்டு பேருக்கும் பயம். பெட்டி நெறய வச்சுக்கிட்டு இல்லன்னு சொல்றது பயந்தவன் வேல."

அவருக்கு ஒன்றும் தெரியாது, பொதுவாகத்தான் சொன்னார். ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அன்று பின்னேரம் யோகன் மறுபடி எடுத்தபோது போனை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால் சாப்பாடு போகவில்லை. ஜெசிந்தா, என்ன, காய்ச்சலோ என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அவளிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை.

"அந்த மனுசனுக்குப் பிள்ளைகள் இருக்கோ?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியாது."

"கேக்கேல்லையோ?"

கேட்கவில்லை. கேட்டால் கொடுக்க வேண்டி வரும் என்ற பயம்தான்.

வியாழன் காலை ஏழரைக்கு டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு குமரேசனின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார். டின்னைத் திறந்து மேசையில் வைத்து, யோகன் கேட்ட மோட்டர் என்றேன். பார்த்தார். எழுந்து நின்றார்.

"எங்கேர்ந்து?"

"பழைய மெசினில இருந்து சேர். கழட்டேக்க எடுத்து வைச்சனான்."

"யோகன் எப்ப கேட்டாரு?"

"திங்கட்கிழமை."

"இன்னிக்கு என்ன கிழம?"

"வியாழன் சேர்."

அவருக்குத் தெரியாமல் இல்லை, என் வாயால் வரவேண்டும் என்று கேட்டார். குரல் மிகவும் இறங்கிவிட்டது.

"எழுந்து போயி பாத்துட்டுத்தான் இல்லன்னு சொன்னீங்களா?"

"ஓம் சேர்."

"திருடியிருந்தாகூட மன்னிச்சிருப்பேன். அந்த நடைய வச்சு பொய் சொன்னீங்க பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல."

முப்பது வருடத்துக்கு மேலான வேலையில் நான் ஆஸ்பத்திரியில் அழுதது அன்றுதான். அவர் என்னைப் பார்க்கவில்லை. மோட்டர்களை ஒவ்வொன்றாக மேசைச் சோதனைக் கருவியில் பூட்டி, முன்னும் பின்னும் ஓடவிட்டு, எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று எழுதினார். ஐந்து தேறியது. ஒன்றில் கரகரப்பு இருந்தது, அதை ஒதுக்கினார். ஆறையும் புத்தகத்தில் பதிந்தார், எங்கே இருந்தது, எத்தனை மாதம் இருந்தது எல்லாம் என் கையாலேயே எழுதவைத்தார்.

"இதுல வேடிக்க என்னான்னா, யாருக்கும் சத்தியம் பண்ணாம லண்டன்ல இருக்கற மோட்டர் இதுவாத்தான் இருக்கும்," என்றார். பழைய மோட்டருக்கு இரண்டு நாட்டுப் பத்திரமும் இல்லை, யாருக்கும் கொடுக்கலாம். "நாலு அவங்களுக்கு. நீங்களே கொண்டு போங்க. திங்கக்கிழமையே உங்க கையில இருந்துச்சுன்னு உங்க வாயால யோகன்கிட்ட சொல்லணும். நான் போன் பண்ண மாட்டேன்."

ரயிலில் அந்த நாலு மோட்டரையும் மடியில் வைத்துக்கொண்டு, எப்படிச் சொல்வது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஆர்ச்வேயில் இறங்கி நடக்கும்போது வசனம் தயாராக இருந்தது. யோகன் பின்வாசலில் நின்றான், மூன்று நாள் சவரம் செய்யாத முகம். பெட்டியைத் திறந்து பார்த்தவன் அப்படியே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"அண்ணை, எங்கையிருந்து எடுத்தனீங்கள்? நீங்கள் கடவுள் அண்ணை."

"பழைய மெசின் ஒண்டில கிடந்தது," என்றேன். அவ்வளவுதான் வந்தது. தயாராக இருந்த வசனத்தைச் சொல்லவில்லை.

இரண்டு பேருமாக மெசினின் தலையைத் திறந்தோம். அவன் லைட் பிடித்தான், நான்தான் இரண்டு மோட்டரையும் பூட்டினேன். தகடுகள் எல்லாவற்றையும் திறந்து மூடி இடம் பார்த்து, பிறகு ஒடுக்கமான கோடுகளாகக் கதிர் விட்டுப் படம் எடுத்தோம். எல்லாக் கோடும் நேராக விழுந்தால்தான் தகடுகள் சொன்ன இடத்தில் நிற்கின்றன என்று அர்த்தம். இயற்பியல் பிரிவுப் பெண் பின்னேரம்வரை அளந்து, நாளைக்குத் தொடங்கலாம் என்று கையெழுத்துப் போட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் ஒன்று, ஆறு மணித்தியாலம் விட்டு மாலையில் ஒன்று, சனிக்கிழமையும் ஒன்று என்று அந்த மனிதருக்குப் போன நாட்களை ஓரளவு ஈடுகட்டினார்கள். திங்கட்கிழமையே கொடுத்திருந்தால் செவ்வாய் பின்னேரம் அவர் மேசையில் படுத்திருப்பார், ஈடுகட்டவே தேவை வந்திராது.

மறுநாள் குமரேசன் கேட்டார்: "சொன்னீங்களா?"

"ஓம் சேர்," என்றேன்.

அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. என் ஓய்வு நாளில் எல்லாரும் கூடி நிற்கும்போது, தவறு செய்தால் வந்து ஒத்துக்கொள்கிற நெஞ்சு உள்ள மனிதர் என்று என்னைப் பற்றிப் பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் கேக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வெட்கத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மாரிக் குளிர் தொடங்கினபிறகு யோகன் போன் பண்ணினான். அந்த மனிதருக்கு நோய் திரும்பி வந்து, போன கிழமை செத்துப் போனார் என்றான். அந்த நாட்கள் பிந்தியதாலா என்று கேட்டேன். "ஆருக்கு அண்ணை தெரியும்? பிந்தாட்டியும் சில பேருக்கு வரும்," என்றான். டொக்டரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். ஒரு மனிதனிடம் இருந்து மூன்று நாளை எடுத்தவனுக்கு அந்தப் பதில் ஒருகாலும் போதாது.

நேற்று, இதை எழுத உட்காரும் முன், யோகனுக்குப் போன் எடுத்தேன். அவன் எழுத்தில் பார்க்க முதல் காதால் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். சுற்றி வளைக்கவில்லை.

"யோகன், அந்த மோட்டர் நாலும் நீ கேட்ட திங்கட்கிழமையே என்ர அலுமாரியில இருந்தது. நான் இல்லை எண்டு சொன்னனான்."

திட்டடா, திட்டித் துலை என்று இருந்தேன். அவன் திட்டவில்லை.

"அண்ணை, என்னட்டையும் ரெண்டு இருந்தது."

"என்ன?"

"மற்ற மெசினுக்கெண்டு ஒளிச்சு வைச்சிருந்தனான். அதுவும் நிண்டா நாப்பது பேர் வெளியில. அதால எடுக்கேல்லை. எடுக்காமத்தான் உங்களிட்டைக் கேட்டனான்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அட நாசமறுவானே, மூன்று நாளும் அந்த மனிதர் உன் கண்ணுக்கு முன்னால் அல்லவோ வந்து குந்தியிருந்தார் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. யார் யாரைக் கேட்பது? அந்த இரண்டு மோட்டரும் இன்னும் அவனிடம் அப்படியே இருக்கிறதாம். மற்ற மெசின் நிற்கவே இல்லையாம்.

"அந்த மனுசன்ர பேர் என்ன?" என்று கேட்டேன்.

"நோயாளியின்ர பேர் சொல்லக்கூடாது அண்ணை, உங்களுக்குத் தெரியுந்தானே."

"தெரியும். சொல்லு."

சொன்னான். இரண்டு பெண் பிள்ளைகள் என்பதையும் சொன்னான்.